மூணாம் நம்பர் வீட்டுக்கு ஒரு பூட்டு

1. போன்

"லில்லிம்மா, கடைக்குப் போயி நல்ல கனமான பூட்டா ஒண்ணு வாங்குங்க. வாங்கிட்டுப் போயி மூணாம் நம்பர் வீட்டு வாசக் கதவுல போட்டுருங்க. சாவிய எங்கிட்டக் குடுத்துருங்க."

ராசாங்கம் சார் போனில் இப்படிச் சொன்னபோது நான் கம்பம் உழவர் சந்தையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். முதலில் எனக்குப் புரியவில்லை. மூணாம் நம்பர் வீடு காலி வீடு இல்லை. ஜீப் டிரைவர் முருகனும் அவன் பெண்டாட்டி ஈஸ்வரியும் பள்ளிக்கூடம் போகிற இரண்டு பெண் பிள்ளைகளும் அங்கே குடியிருந்தார்கள். முருகன் அப்போது உடம்புக்கு முடியாமல் தேனி பெரியாஸ்பத்திரியில் கிடந்தான். ஈஸ்வரி அவனோடு இருந்தாள். பிள்ளைகளைப் பக்கத்து வீட்டு ஜெயா டீச்சர் பார்த்துக்கொண்டார்.

"குடியிருக்க வீட்டுக்கு எதுக்கு சார் பூட்டு?" என்றேன்.

"ஈஸ்வரி போன் பண்ணுச்சு. டாக்டருக கைய விரிச்சுட்டாகளாம். வீட்டுல வச்சுப் பாத்துக்கங்கன்னு சொல்லிட்டாகளாம். மத்தியானம் கூட்டிட்டு வர்றோம் சார்னு சொல்லுது. இங்கன கொண்டு வரக் கூடாது. வந்து வீட்டுக்குள்ள ஏதாச்சும் ஆயிருச்சுன்னா? அடைப்பு விழுந்துச்சுன்னா?"

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். சில நட்சத்திரங்களில் உயிர் போனால், அந்த வீட்டைச் சில மாதங்கள் அடைத்துப் போட வேண்டும் என்பது நம் பக்கத்தில் பலருக்கும் உள்ள நம்பிக்கை. அதுதான் அடைப்பு. ராசாங்கம் சாருக்கு அதில் பயம் அதிகம்.

ஈஸ்வரி அவருக்கு ஏன் போன் பண்ணினாள்? வீட்டுக்காரருக்கு ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வருவதுதான் மரியாதை என்று நினைத்தாள். அந்த மரியாதைக்கு அவர் கொடுத்த மரியாதை ஒரு பூட்டு. கையிலிருந்த கத்தரிக்காயைக் கூடையிலேயே போட்டேன்.

"நான் பூட்டு வாங்க மாட்டேன் சார். நீங்களும் வாங்காதீக. குடியிருக்கவுக வீட்டைப் பூட்டுறது சட்டப்படி தப்பு. மனுசத்தனப்படி அதவிடத் தப்பு."

"எனக்கே சட்டம் சொல்றீகளா?" என்று கட் பண்ணிவிட்டார்.

இதை எழுதுவது, இரண்டு மூன்று வீடு கட்டி வாடகைக்கு விட்டுவிட்டுக் காலாட்டிக்கொண்டு உட்காரலாம் என்று நினைக்கிற பிள்ளைகளுக்காக. இப்போது அப்படிப்பட்டவர்கள் நிறைய. தோட்டத்தில் ஒரு மூலையை விற்றுக் கட்டுகிறார்கள், திருப்பூரில் சம்பாதித்து வந்து கட்டுகிறார்கள், ரிட்டயர்மெண்ட் பணத்தில் கட்டுகிறார்கள். அப்படிப்பட்டவர்களுக்கு ஆள் பார்த்துக் குடி வைத்து, வாடகை வாங்கிக் கொடுத்து, குழாய் ஒழுகினால் பிளம்பரைக் கூட்டிவந்து, மோட்டார் எரிந்தால் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போய்ப் புதுக் காயில் கட்டிக் கொண்டுவந்து காலம் தள்ளியவள் நான். உத்தமபாளையத்திலிருந்து கூடலூர் வரைக்கும் என் கால் படாத காம்பவுண்டு குறைவு. இப்போது முழங்கால் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. வேலையைக் குறைத்துக்கொண்டேன். வாயைக் குறைக்க முடியவில்லை.

2. அரை இஞ்ச் ஸ்க்ரூ

ராசாங்கம் சாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கெட்டவர் என்று ஊரில் யாரும் சொல்ல மாட்டார்கள். அரசாங்க ஆபீசில் வேலை பார்த்து ரிட்டயர்டு ஆனவர். வருசா வருசம் வீரபாண்டித் திருவிழாவுக்கு மாலை போட்டு, தீச்சட்டி எடுத்து, வருகிற போகிற சனத்துக்கெல்லாம் நீர்மோர் ஊற்றுவார். அதற்கு பேனர் வைப்பார். அப்பா விட்டுப்போன தென்னந்தோப்பு ஓரத்தில், காமயகவுண்டன்பட்டிக்குப் போகிற ரோட்டை ஒட்டி, வரிசையாக நான்கு வீடு கட்டினார். ஒரே காம்பவுண்டு, ஒரே கேட்டு.

கட்டும்போதே நான் அங்கே போய்ப் பார்த்தேன். வாடகைக்கு விடப் போகிற வீடு என்றால் பலருக்கும் ஒரு நினைப்பு வந்துவிடுகிறது: "நம்மளா இருக்கப் போறோம்?" அந்த நினைப்பில்தான் பாத்ரூம் தரையில் வாட்டம் சரியாக வராது. அடுப்படி ஜன்னலைச் சின்னதாக்குவார்கள். நான்கு வீட்டுக்கும் ஒரே தண்ணீர்த் தொட்டி வைத்துவிட்டு அப்புறம் யார் அதிகம் செலவழிக்கிறார்கள் என்று பஞ்சாயத்து நடத்துவார்கள்.

ராசாங்கம் சார் கதவில் சிக்கனம் பிடித்தார். கதவு பார்க்க நன்றாகத்தான் இருந்தது, சாமி படம் செதுக்கின கதவு. ஆனால் தச்சர் தாழ்ப்பாளையும் கொண்டியையும் மாட்டிக்கொண்டிருந்தபோது நான் டப்பாவைப் பார்த்தேன். எல்லாம் அரை இஞ்ச் ஸ்க்ரூ.

"சார், வாசக் கதவுக்கு இது பத்தாது. ஒண்ணரை இஞ்சாவது வேணும்" என்றேன்.

"வாடகை வீட்டுக்கு இது போதும் லில்லிம்மா. கோட்டைக் கதவா?"

சிக்கனம் பிடிக்க இடமா இல்லை? பெயிண்டில் பிடியுங்கள், கேட்டில் பூ வேலைப்பாடு வைக்காமல் விடுங்கள். குடியிருக்கிறவர்கள் தினமும் கை வைக்கிற இடத்தில் பிடிக்காதீர்கள். ஸ்க்ரூவில் பிடித்த சிக்கனம் எங்கே வந்து நின்றது என்று பின்னால் சொல்கிறேன்.

3. கேட்கிற கேள்வி

வீட்டுக்காரர்கள் குடி வருகிறவர்களிடம் கேட்கிற கேள்விகளைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. என்ன ஆளுக? கறி மீன் உண்டா? விருந்தாளு அடிக்கடி வருவாகளா? ஆணி அடிப்பாகளா? என்ன ஆளுக என்று சாதி கேட்கிறவர்களுக்கு நான் வீடு பார்த்துக் கொடுப்பதையே கடைசியில் நிறுத்திவிட்டேன். வரும்படி குறைந்தது, நிம்மதி கூடியது.

கேட்க வேண்டியது வேறு. என்ன வேலை, எத்தனை பேர், வண்டி நிறுத்த இடம் வேண்டுமா, ராத்திரி வேலைக்குப் போகிறவர் உண்டா, பிள்ளைகள் எந்தப் பள்ளிக்கூடம். பள்ளிக்கூடம் பக்கத்தில் என்றால் அவர்கள் லேசில் காலி பண்ண மாட்டார்கள். ஆதார் நகல் வாங்குங்கள், அக்ரிமெண்ட் போடுங்கள், குடி வருகிற அன்று சுவர், தரை, குழாய், ஸ்விட்ச் எல்லாவற்றையும் அவர்கள் முன்னாலேயே போட்டோ எடுத்து அவர்களுக்கும் அனுப்புங்கள். காலி பண்ணும்போது பாதிச் சண்டை வராது.

ஆனால் ராசாங்கம் சார் எல்லாரிடமும் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "வயசானவுக யாரும் கூட இருக்காகளா?"

முதலில் அதை அக்கறை என்றுதான் நினைத்தேன். மாடிப்படி இல்லாத வீடு, பெரியவர்களுக்குச் சௌகரியம், அதற்காகக் கேட்கிறார் போல என்று. இருக்கிறார்கள் என்று சொன்ன குடும்பத்தை எல்லாம் ஏதாவது சாக்குச் சொல்லி அனுப்பினார். மூன்றாவது குடும்பத்தையும் அனுப்பியபோது என்ன சார் என்று கேட்டேன். குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்.

"வயசானவுக வந்தா, இங்கனயே போயிருவாக லில்லிம்மா. நமக்கு எதுக்கு?"

அவருக்கு அப்போது எழுபது வயசு. அதையும் நான் அவரிடமே சொன்னேன். சிரித்துக்கொண்டார்.

அப்படிச் சலித்துச் சலித்து அவர் எடுத்த குடும்பம்தான் முருகன் குடும்பம். புருசனுக்கு நாற்பதுகூட ஆகவில்லை, நல்ல திடகாத்திரமான ஆள். விடியுமுன்னே ஜீப்பை எடுத்துக்கொண்டு போய், ஏலக்காய்த் தோட்டத்து வேலைக்குப் போகிற பெண்களை ஏற்றிக்கொண்டு கம்பம்மெட்டு மலையேறுவான். சாயங்காலம் அவர்களைப் பத்திரமாகக் கீழே இறக்குவான். மலைமேல் மலையாளிகளோடு பழகின பழக்கத்தில் என்னை "சேச்சி" என்பான். நான் ஏதாவது திட்டினால், "சேச்சி வாயில மொளகாத் தோட்டம் போட்டுருக்காக" என்று ஈஸ்வரியிடம் சொல்வான். அவர்களுக்குச் சொந்த ஊர் மயிலாடும்பாறை. அங்கே இருந்த ஓட்டு வீட்டை அண்ணன்தம்பிகள் பாகம் பிரித்து விற்றுவிட்டார்கள். கம்பத்து வாடகை வீடுதான் அவர்களுக்கு வீடு.

வாடகை தேதி தவறாது. தண்ணீர்த் தொட்டியைக் கழுவ வேண்டும் என்றால் முருகனே ஏறி நான்கு வீட்டுக்குமாகச் சேர்த்துக் கழுவுவான். இப்படிப்பட்ட குடித்தனக்காரர் கிடைத்தால் வீட்டுக்காரர்கள் கும்பிடு போட வேண்டும். அந்த ஆளுக்குக் கல்லீரல் கெட்டுவிட்டது. குடிக்கிற ஆளுமில்லை. ஏதோ காமாலையில் ஆரம்பித்து முற்றிப்போனது என்றார்கள்.

4. கேட்டுக்கு முன்னால்

போன் கட்டானதும் நான் ஆட்டோ பிடித்துப் போனேன். போகிற வழியில் ஈஸ்வரி கூப்பிட்டாள்.

"அக்கா, ஆம்புலன்ஸ்ல வந்துக்கிட்டிருக்கோம். சின்னமனூரு தாண்டிட்டோம். வீட்டுல தண்ணி வருதான்னு மட்டும் பாத்துருங்கக்கா. அவருக்கு ஒடம்பத் தொடைக்கணும்."

நான் பூட்டைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. வண்டியில் அவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவளிடம் அதை எப்படிச் சொல்வது?

போய்ப் பார்த்தால், ராசாங்கம் சார் எனக்கு முந்திவிட்டார். கேட்டுக்கு உள்ளே பிளாஸ்டிக் சேர் போட்டு உட்கார்ந்திருந்தார். மூணாம் நம்பர் கதவில், தாழ்ப்பாளில் ஈஸ்வரி போட்டிருந்த பூட்டுக்கு மேலே, வெளிக்கொண்டியில் புதுப் பூட்டு ஒன்று தொங்கியது. அந்தக் காம்பவுண்டிலேயே விலை உயர்ந்த சாமான் அதுதான். சாவி அவர் சட்டைப் பையில்.

"சார், தொறந்து விடுங்க. அந்தா வந்துருவாக."

"நான் என்ன கொலையா பண்ணிட்டேன்? சொந்த ஊருக்குக் கொண்டு போங்கன்றேன். ஊருல அவுகளுக்குச் சொந்தபந்தம் இல்லையா?"

"சொந்தம் இருக்கு சார், வீடு இல்ல. வீடு இதுதான்."

"இது என் வீடு லில்லிம்மா. ரிட்டயர்மெண்ட் காசு மொத்தத்தையும் போட்டுக் கட்டுனது. எழவு விழுந்த வீடுன்னு பேராயிருச்சுன்னா எவன் குடி வருவான்? ஒங்களுக்கென்ன, வேதக்காரவுக. நட்சத்திரம் பாக்க மாட்டீக."

நான் சர்ச்சுக்குப் போகிறவள்தான். நட்சத்திரம் பார்க்கிறவர்களை நான் கேலி பண்ணினது கிடையாது. எங்கள் வீட்டிலும் எத்தனையோ நம்பிக்கை உண்டு. ஆனால் அவரவர் நம்பிக்கைக்கு அவரவர் வீட்டில்தான் இடம். அடுத்தவன் சாவை முன்கூட்டியே கணக்குப் போட்டு அவன் வாசலில் பூட்டுத் தொங்கவிடுவது எந்தச் சாமி சொன்ன நம்பிக்கை? வீரபாண்டியில் முன்பின் தெரியாதவனுக்கு மோர் ஊற்றுகிற கை, வாடகை கொடுத்து இருக்கிறவனுக்குக் கதவைத் திறக்காதா? படிக்கிறது ராமாயணம், இடிக்கிறது பெருமாள் கோயில். இதை அப்படியே அவர் முகத்துக்கு நேராகச் சொன்னேன். ஜெயா டீச்சர் தன் வீட்டு வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அவரும் வாடகைக்கு இருக்கிறவர். அடுத்த பூட்டு தன் கதவில் விழுமோ என்ற பயம் அவர் முகத்தில் தெரிந்தது.

அதற்குள் ஆம்புலன்ஸ் வந்துவிட்டது.

பின்கதவைத் திறந்துகொண்டு ஈஸ்வரி இறங்கினாள். நான்கு வாரத்தில் பாதியாகிவிட்டிருந்தாள். கதவைப் பார்த்தாள், பூட்டைப் பார்த்தாள், சேரில் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்தாள். அவளுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

ராசாங்கம் சார் எழுந்தார். "தப்பா எடுத்துக்காத ஆத்தா. நாளைக்கே ஏதாச்சும் ஒண்ணு ஆயிருச்சுன்னா, பொணத்த இங்கன வச்சு..."

"சார்." ஈஸ்வரி சத்தம் போடவில்லை. "அவரு முழிச்சுத்தான் இருக்காரு. எல்லாம் காதுல விழுகுது. கொஞ்சம் மெதுவாப் பேசுங்க."

நான் வண்டிக்குள் எட்டிப் பார்த்தேன். மஞ்சளாகிப்போன கண்ணைத் திறந்து முருகன் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். மலையில் அத்தனை வளைவிலும் அத்தனை பெண்களைச் சேதாரமில்லாமல் இறக்கினவன், தன் வாசலில் இறங்க முடியாமல் கிடந்தான்.

"சார்ட்டச் சண்டை வேணாம் சேச்சி" என்றான். "பாவம், புது வீடு."

என் கோபம் எப்படிப்பட்டது என்று என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும். ஆனால் அன்றைக்கு வந்தது அதுவரைக்கும் எனக்கே வந்ததில்லை. சாகப் போகிறவன் வீட்டுக்காரருக்காகப் பாவப்படுகிறான். வீட்டுக்காரர் சட்டைப் பையைப் பொத்திக்கொண்டு நிற்கிறார். சுற்றுமுற்றும் கல்லைத் தேடினேன். கல் கிடைக்கவில்லை. அப்போது ஜெயா டீச்சர் விறுவிறுவென்று உள்ளே போனார். அம்மிக் குழவியைக் கொண்டுவந்து என் கையில் வைத்தார்.

"லில்லிம்மா! என் வீட்டுக் கதவ ஒடைக்கிறீகளா? போலீசக் கூப்பிடுவேன்."

"கூப்பிடுங்க. அவுக வந்தா பூட்டு யாருதுன்னு மொதல்ல கேப்பாக. வீடு ஒங்களுது சார், யாரு இல்லன்னா? வாடகை வாங்குறீகள்ல, அது வரைக்கும் கதவு அவுகளுது."

ஓங்கிப் போட்டேன். பூட்டு நல்ல பூட்டு, அசையவில்லை. இரண்டாம் தரம் போட்டதும் கொண்டி மொத்தமும் கதவை விட்டுப் பிய்த்துக்கொண்டு, பூட்டோடு சேர்ந்து கீழே விழுந்தது. மரத்தூளோடு நான்கு அரை இஞ்ச் ஸ்க்ரூ காலடியில் உருண்டது. அவ்வளவு விலை கொடுத்துப் பூட்டு வாங்கின மனுசர் ஸ்க்ரூவுக்குக் கணக்குப் பார்த்திருந்தார். அந்த நேரத்திலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கோபத்தில் வருகிற சிரிப்பு.

ஈஸ்வரி தன் சாவியைப் போட்டு அவள் பூட்டைத் திறந்தாள். ஆம்புலன்ஸ் டிரைவரும் நானும் டீச்சரும் சேர்ந்து முருகனை உள்ளே கொண்டுபோய்க் கட்டிலில் படுக்க வைத்தோம். ஜன்னலைத் திறந்ததும் தென்னந்தோப்புக் காற்று வந்தது. குழாயைத் திறந்து பார்த்தேன், தண்ணீர் வந்தது.

வெளியே ராசாங்கம் சார் ரோட்டில் நின்று கத்திக்கொண்டிருந்தார். "எழவு வீடாக்கிட்டாக! என் வீட்ட எழவு வீடாக்கிட்டாக!" போகிற வருகிற டவுன் பஸ்ஸெல்லாம் கேட்டிருக்கும். முருகன் உயிரோடு உள்ளே படுத்திருந்தான்.

5. மணி என்ன?

அவன் ஒரு வாரம்போல இருந்தான். சும்மா இருக்கவில்லை, இரண்டு பிள்ளைகளோடும் இருந்தான். பெரியவள் பாடப் புத்தகத்தைச் சத்தம் போட்டு வாசித்துக் காட்டுவாள். சின்னவள் கட்டிலில் ஏறி அவன் கால்மாட்டில் தூங்குவாள். அவனோடு ஜீப்பில் மலைக்குப் போன பெண்கள் வேலை முடித்துவிட்டு வரிசையாக வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். ஒருத்தி அழுதாள். "ஏலே, யாருலே இனிமே எங்கள வளைவுல மெதுவா எறக்குவா?" என்றாள். அவன் சிரித்தான். பூட்டுப் போட்டவர் எதைத் தடுக்கப் பார்த்தார் என்பதைப் புரிந்துகொள்ளுங்கள். சாவை யாராலும் தடுக்க முடியாது. இந்த ஒரு வாரத்தைத்தான் தடுக்கப் பார்த்தார்.

ஒரு காலை வேளையில் உயிர் போனது. ஈஸ்வரி அவன் தலையை மடியில் வைத்திருந்தாள். நான் பக்கத்தில் இருந்தேன்.

உடலைக் கூடத்தில் வைத்தோம். மயிலாடும்பாறையிலிருந்து சொந்தக்காரர்கள் வந்தார்கள். பதினோரு மணிபோல ராசாங்கம் சார் வந்தார். மாலை கொண்டுவந்திருந்தார், அதையும் சொல்ல வேண்டும். ஆனால் உள்ளே வரவில்லை. கேட்டில் நின்று என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டார்.

"உசுரு எத்தன மணிக்குப் போச்சு?"

எதற்குக் கேட்கிறார் என்று எனக்குத் தெரியும். ஜோசியரிடம் போய்விட்டுத்தான் வந்திருந்தார். அன்று காலையில் திருவோணம் முடிந்து அவிட்டம் பிறந்திருந்தது. திருவோணத்தில் போயிருந்தால் குற்றமில்லை, அவிட்டத்தில் போயிருந்தால் ஆறு மாதம் அடைப்பு. ஒரு மனுசன் செத்துக் கிடக்கிறான். அவன் பெண்டாட்டி உள்ளே அழுதுகொண்டிருக்கிறாள். இவருக்கு மணி வேண்டும்.

அவர் குரல் உள்ளே கேட்டிருக்க வேண்டும். ஈஸ்வரி எழுந்து வாசலுக்கு வந்தாள். கொண்டி பிய்ந்த ஓட்டை நான்கும் கதவில் அப்படியே இருந்தன. அதில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"நான் கடியாரத்தப் பாக்கல சார்" என்றாள். "அவரத்தான் பாத்துக்கிட்டிருந்தேன்."

சார் அந்த மாலையைக் கேட்டில் மாட்டிவிட்டுப் போய்விட்டார்.

நான் கடிகாரத்தைப் பார்த்தேன். எனக்கு மணி தெரியும். அவர் அப்புறம் மூன்று தரம் போன் பண்ணிக் கேட்டார், என் வீட்டுக்கே தன் சம்சாரத்தை அனுப்பிக் கேட்டார். சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். ஈஸ்வரி கேட்டால் அவளுக்குச் சொல்வேன். அடைப்பு அவள் குடும்பத்துக்கும் உள்ள வழக்கம்தான், அதைப் பார்ப்பதும் விடுவதும் அவள் இஷ்டம். அவள் இன்றுவரைக்கும் கேட்கவில்லை.

6. வாயும் வாடகையும்

அத்தோடு ராசாங்கம் சார் வீடுகளை நான் பார்ப்பது நின்றது. அவர் நிறுத்தினாரா நான் நிறுத்தினேனா என்று கேட்டால், இரண்டு பேரும் ஒரே நேரத்தில் நிறுத்தினோம். சம்பளத்தில் கொஞ்சம் இடித்தது. இடிக்கட்டும்.

காரியம் முடிந்த கையோடு ஈஸ்வரியைக் காலி பண்ணச் சொன்னார். நான் அவளைக் கூட்டிக்கொண்டு உத்தமபாளையத்தில் ஒரு வக்கீலம்மாவிடம் போனேன். அக்ரிமெண்ட் காலம் முடியவில்லை, வாடகை பாக்கி இல்லை, பூட்டுப் போட்டதற்கு ஜெயா டீச்சர் எடுத்த போட்டோ இருந்தது. டீச்சர் அதை எடுத்தது எனக்கே அன்றைக்குத்தான் தெரியும். வக்கீலம்மா ஒரு நோட்டீஸ் அனுப்பினார். சார் அடங்கினார்.

அடங்கினதற்கு நோட்டீஸ் பாதிக் காரணம். மீதிக் காரணம் அவர் வாய். அன்றைக்கு ரோட்டில் நின்று "எழவு வீடு, எழவு வீடு" என்று கத்தினாரே, அதைக் கேட்காத ஆள் அந்தப் பக்கம் இல்லை. நாலாம் நம்பர் வீடு காலியானபோது பார்க்க வந்தவர்கள் முக்கு டீக்கடையில் விசாரித்தார்கள், விசாரித்ததும் டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்கள். நுணலும் தன் வாயால் கெடும் என்பது இதுதான். மூணாம் நம்பர் வீட்டில் இருக்க மனசுள்ள ஒரே ஆள் ஈஸ்வரி. அவளையும் அனுப்பிவிட்டால் வீடு பூட்டியே கிடக்கும். நட்சத்திரமில்லாமலே அடைப்பு.

அவள் இன்னும் அங்கேதான் இருக்கிறாள். ஏலக்காய் தரம் பிரிக்கிற குடோனில் வேலைக்குப் போகிறாள். கதவுக்குப் புதுக் கொண்டி நான்தான் போட்டுக் கொடுத்தேன், ஒன்றரை இஞ்ச் ஸ்க்ரூவோடு. பெரியவள் பிளஸ் டூ முடித்துவிட்டாள்.

வீடு கட்டப் போகிற பிள்ளைகளுக்கு இவ்வளவு நேரம் சொன்னதில் ஸ்க்ரூவை மறந்தாலும் பரவாயில்லை, போட்டோவை மறந்தாலும் பரவாயில்லை. சாவியைக் கொடுத்தால் முழுசாகக் கொடுங்கள். போன் பண்ணாமல் போய் நிற்காதீர்கள். என்ன தகராறு வந்தாலும் கோர்ட்டுக்குப் போங்கள், கதவுக்குப் போகாதீர்கள். உங்களுக்கு வீட்டில் பங்கு வாடகைதான். உள்ளே நடக்கிற நல்லதிலும் கெட்டதிலும் உங்களுக்குப் பங்கு கிடையாது.

முருகன் போனதிலிருந்து நான் எழுதிக் கொடுக்கிற எல்லா அக்ரிமெண்டிலும் ஒரு வரி சேர்க்கிறேன். குடியிருப்போர் வீட்டில் மரணம் நேர்ந்தால், உடலை வீட்டில் வைக்கவும் காரியங்கள் செய்யவும் வீட்டு உரிமையாளருக்கு ஆட்சேபணை இல்லை. இந்த வரிக்குச் சம்மதமில்லாத வீட்டுக்கு நான் ஆள் பார்ப்பதில்லை. நிறையப் பேர் முகம் சுளித்தார்கள். சிலர் எழுந்தே போனார்கள்.

போன மாதம் காமயகவுண்டன்பட்டித் தம்பி ஒருத்தன் வந்தான். வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற பையன், புதுசாக மூன்று வீடு கட்டியிருக்கிறான். நல்ல வீடு, ஜன்னலெல்லாம் பெரிசு. அக்ரிமெண்டை வாசித்துக்கொண்டே வந்தவன் அந்த வரியில் நின்றான். பேனாவை மூடினான்.

"அக்கா, பால் காச்சி இன்னும் ஒரு மாசம் ஆகல. இது அபசகுனமா இருக்கே. இந்த ஒரு வரிய மட்டும் அடிச்சுருவோமா?"

"அடிக்கலாம் தம்பி" என்றேன். "ஆனா ஒங்க வீட்டுக்குக் குடி வர்றது மனுசரு. மனுசரு இருக்க எடத்துல பெறப்பாக, சாவாக. அது வேணாம்னா அந்த மூணு வீட்டுக்கும் நடுச்சொவர இடிச்சுப்புட்டு ஏலக்கா குடோனா விட்டுருங்க. ஏலக்கா சாகாது."